மதர்போர்டின் விவரப் பட்டியலைப் படிப்பது எப்படி? வாங்கும் முன் ஒரு முழு வழிகாட்டி

கணினி அசெம்பிள் செய்ய நினைப்பவர்கள் முதலில் பிராசசரை முடிவு செய்கிறார்கள். அடுத்து கிராபிக்ஸ் கார்டு, ரேம், எஸ்எஸ்டி. மிச்சமிருக்கும் பணத்துக்கு எது கிடைக்கிறதோ அதுதான் மதர்போர்டு, அதாவது இவை எல்லாம் வந்து செருகப்படும் பலகை. இந்த வரிசை எனக்கு ஒப்புதல் இல்லை. ரேம் போதவில்லையென்றால் கூட ஒன்று வாங்கிச் செருகலாம், எஸ்எஸ்டி நிறைந்தால் பெரிதாக ஒன்று போடலாம். போர்டில் இல்லாத ஸ்லாட்டை யாராலும் பிறகு சேர்க்க முடியாது. போர்டை மாற்றுவதென்றால் கணினியையே பிரித்து மறுபடி கட்ட வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் அத்தை வீட்டுக் கணினி மெதுவாக ஓடுகிறது என்று, கேபிள் இல்லாமல் போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 எஸ்எஸ்டி ஒன்று வாங்கிப் போட்டேன். விண்டோஸ் பறந்தது. ஆனால் கல்யாணப் புகைப்படங்கள் இருந்த பழைய ஹார்டு டிஸ்க் காணாமல் போய்விட்டது. கேபிள் மாற்றினோம், கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிப் பார்த்தோம். டேட்டா மீட்டுத் தருபவர் ஒருவரிடம் விலையும் கேட்டாயிற்று. இரண்டு நாள் அத்தை சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் மேனுவலில் பொடி எழுத்தில் ஒரு வரி கண்ணில் பட்டது: எம்.2 ஸ்லாட்டில் சாட்டா வகை (ஹார்டு டிஸ்க் பயன்படுத்தும் அதே இணைப்பு வகை) எஸ்எஸ்டி போட்டால், இரண்டாவது சாட்டா போர்ட் வேலை செய்யாது. ஹார்டு டிஸ்க்கை வேறு போர்ட்டுக்கு மாற்றியதும் அத்தனை படமும் வந்தன. அன்றிலிருந்து விவரப் பட்டியலில் பெரிய எழுத்தைவிட அடிக்குறிப்பைத்தான் நான் முதலில் படிக்கிறேன்.

எடுத்துக்காட்டுக்கு ஏஎம்டியின் பி650 சிப்செட் (போர்டின் இணைப்புகளை நிர்வகிக்கும் சில்லு) உள்ள போர்டையும் ரைசன் 5 7600 பிராசசரையும் வைத்துக்கொள்வோம். இன்டெல் பக்கம் வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

படி 1: சரியான பட்டியலைக் கையில் எடுங்கள்

விற்பனைத் தளத்தில் இருக்கும் நாலு வரி போதாது. தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலுக்கான பக்கத்துக்குப் போய் மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: விவரப் பட்டியல், மேனுவல், எந்தெந்த பிராசசர் வேலை செய்யும் என்ற பட்டியல். மாடல் பெயரில் ஓர் எழுத்துகூட மாறக் கூடாது. பி760 என்பதும் பி760எம் என்பதும் வேறு வேறு அளவு. அந்த 'எம்' மைக்ரோ ஏடிஎக்ஸ் என்ற சிறிய அளவைக் குறிக்கும். பெயரின் கடைசியில் 'டி4' அல்லது 'டிடிஆர்4' என்று இருந்தால் அது முந்தைய தலைமுறை ரேமுக்கானது; புதிய டிடிஆர்5 ரேம் அதில் ஏறாது. போர்டின் ஓரத்தில் 'ரெவ் 1.0', 'ரெவ் 1.2' என்று அச்சிட்டிருப்பதையும் பாருங்கள். சில சமயம் பெயர் மாறாமல் உள்ளே பாகங்கள் மட்டும் மாறியிருக்கும்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் போர்டு எதுவென்று தெரிய அதைத் திறக்க வேண்டியதில்லை. சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் மெயின்போர்டு பக்கம் காட்டிவிடும்.

படி 2: சாக்கெட்

பிராசசர் உட்காரும் இடம் இது. ஏஎம்டியில் 2022-இல் வந்தது ஏஎம்5, 1718 தொடுபுள்ளிகள். ரைசன் 7000, 8000, 9000 வரிசைகள் இதில் பொருந்தும். அதற்கு முந்தையது ஏஎம்4. இன்டெல்லில் 12, 13, 14-ஆம் தலைமுறைகளுக்கு எல்ஜிஏ 1700. 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்ஜிஏ 1851.

எண் ஒன்றாக இருந்தால் பொருந்திவிடும் என்று நம்பிவிடாதீர்கள். எல்ஜிஏ 1151 என்ற ஒரே பெயரில் இன்டெல்லின் 6, 7-ஆம் தலைமுறைகளும் வந்தன, 8, 9-ஆம் தலைமுறைகளும் வந்தன. முன்னதன் போர்டில் பின்னது ஓடாது. செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் இங்கே இன்றும் ஏமாறுகிறார்கள். இன்னொன்று, ஹெச்61 சிப்செட் போர்டுகள் புதிய டப்பாவில் விற்பனைக்கு வருவது. டப்பா புதிதுதான், ஆனால் அது 2011-ஆம் ஆண்டின் சிப்செட், இரண்டாம் மூன்றாம் தலைமுறை பிராசசர்களுக்கானது. விண்டோஸ் 11 அதை முறைப்படி ஏற்காது. பழைய பிராசசர் கையில் இருந்து, போர்டு மட்டும் போய்விட்டவருக்கு அது உதவும். புதிதாக அசெம்பிள் செய்பவர் அதன் பக்கம் போக வேண்டாம்.

ஒரு சாக்கெட் எத்தனை வருடம் தாங்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள். 2018-இல் வாங்கிய பி450 போர்டில், பயாஸை (கணினி ஆன் ஆனதும் முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) அப்டேட் செய்துவிட்டு, 2022-இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி-ஐப் போட்டு ஓட்டுபவர்கள் நிறையப் பேர். நான் ஏஎம்5-ஐ எடுத்துக்காட்டாக எடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 3: சிப்செட்

வேகத்தைக் கூட்டுவது சிப்செட்டின் வேலை இல்லை. ஒரே ரைசன் 5 7600, மலிவான ஏ620 போர்டிலும் விலை உயர்ந்த எக்ஸ்670இ போர்டிலும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில்தான் ஓடும். எத்தனை யூஎஸ்பி, எத்தனை சாட்டா, எத்தனை எம்.2, ஓவர்கிளாக் செய்ய (நிர்ணயித்த வேகத்தைத் தாண்டி ஓட்ட) அனுமதி உண்டா என்பவற்றைத்தான் சிப்செட் முடிவு செய்கிறது.

இன்டெல்லில் ஹெச்610 அடிமட்டம். ரேம் ஸ்லாட் இரண்டுதான், ரேம் ஓவர்கிளாக் கிடையாது. பி760-இல் ரேமை ஓவர்கிளாக் செய்யலாம், பிராசசரை முடியாது. இசட்790-இல் இரண்டும் முடியும். பெயரின் கடைசி எழுத்துகளில் 'கே' இல்லாத பிராசசரை இசட் போர்டில் போடுவது பெரும்பாலும் வீண் செலவு. ஏஎம்டியில் ஏ620-ஐத் தவிர்த்து பி650, எக்ஸ்670 எல்லாவற்றிலும் ஓவர்கிளாக் செய்யலாம். வீட்டுக்கும் அலுவலக வேலைக்கும் கேமிங்குக்கும் 'பி' வரிசையே போதும் என்பது என் கருத்து.

படி 4: லேன்களை எண்ணுங்கள்

இந்தப் படிக்கு மட்டும் ஒரு காகிதமும் பேனாவும் வேண்டும்.

பிராசசரை ஓர் ஏரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மதகுகளிலிருந்து புறப்படும் வாய்க்கால்கள்தான் பிசிஐஇ (கார்டுகளையும் எஸ்எஸ்டிகளையும் பிராசசரோடு இணைக்கும் முறை) லேன்கள். ரைசன் 5 7600-க்கு மொத்தம் 28 லேன்கள். கிராபிக்ஸ் கார்டுக்கு 16, முதல் எம்.2 எஸ்எஸ்டிக்கு 4, இன்னொரு எம்.2 போன்றவற்றுக்கு 4. கடைசி 4 சிப்செட்டுக்குப் போகும். சிப்செட் அந்த ஒரே வாய்க்காலிலிருந்து பல கிளைகள் பிரித்து யூஎஸ்பி, சாட்டா, இணையக் கேபிள் செருகும் ஈதர்நெட் போர்ட், வைஃபை, மற்ற ஸ்லாட்டுகள் எல்லாவற்றுக்கும் பாய்ச்சுகிறது. கிளை எத்தனை வெட்டினாலும் தலைமடையில் வரும் தண்ணீர் அதேதான்.

இப்போது கணக்கு. ஒரு லேனில் பிசிஐஇ 3.0 என்றால் நொடிக்கு ஏறக்குறைய 1 ஜிபி, 4.0 என்றால் 2 ஜிபி, 5.0 என்றால் 4 ஜிபி. பி650 சிப்செட்டுக்கும் பிராசசருக்கும் இடையே இருப்பது 4.0 லேன்கள் நான்கு. அதாவது நொடிக்குச் சுமார் 8 ஜிபி. நல்ல 4.0 எஸ்எஸ்டி ஒன்றே நொடிக்கு 7 ஜிபி படிக்கும். ஆகவே சிப்செட் வழியாகப் போகும் எம்.2 ஸ்லாட்டுகள் இரண்டு இருந்தால், இரண்டும் ஒரே நேரத்தில் முழு வேகம் தராது. வீடியோ எடிட்டிங் செய்பவர்கள் வேலைக்கான எஸ்எஸ்டியைப் பிராசசரோடு நேரடியாக இணைந்த ஸ்லாட்டில்தான் போட வேண்டும். எந்த ஸ்லாட் நேரடி என்பதை மேனுவல் சொல்லும். பெரும்பாலும் பிராசசருக்கும் கிராபிக்ஸ் ஸ்லாட்டுக்கும் நடுவில் இருப்பது அது.

பட்டியலில் '2 × பிசிஐஇ 4.0 எக்ஸ்16 ஸ்லாட்' என்று இருக்கும். பக்கத்திலேயே சிறிதாக 'இரண்டாவது எக்ஸ்4 மோடில் இயங்கும்' என்று இருக்கும். ஸ்லாட்டின் நீளம் 16 லேனுக்கு, உள்ளே வரும் இணைப்பு 4 லேனுக்கு. இதில் ஏமாற்று எதுவும் இல்லை, ஆனால் படிக்காமல் விட்டால் இழப்பு நமக்கு. கிராபிக்ஸ் கார்டு எப்போதும் மேலே உள்ள முதல் ஸ்லாட்டில்தான்.

கார்டின் பக்கமும் இதே கணக்கைப் பாருங்கள். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டுக்கு இருப்பது 4 லேன்கள்தான். பிசிஐஇ 4.0 போர்டில் சமாளித்துவிடும். 3.0 மட்டுமே உள்ள பழைய போர்டில் அதன் வேகம் நன்றாகவே அடிவாங்குகிறது. மலிவான கார்டைப் பழைய போர்டில் போடுவதுதான் வழக்கம் என்பதால், அடிபடுபவர் பெரும்பாலும் குறைந்த பட்ஜெட்காரர்.

பிராசசர் மாறினாலும் லேன் மாறும். அதே பி650 போர்டில் ரைசன் 5 8500ஜி-ஐப் போட்டால் கிராபிக்ஸ் கார்டுக்குக் கிடைப்பது வெறும் 4 லேன்கள். 8600ஜி, 8700ஜி என்றால் 8. இதனால்தான் நல்ல விவரப் பட்டியல்களில் ஒவ்வொரு பிராசசர் வரிசைக்கும் தனித்தனி வரி போட்டிருப்பார்கள். உங்கள் பிராசசரின் வரியைக் கண்டுபிடித்து, அதை மட்டும் படியுங்கள்.

இன்டெல் ஹெச்610-இல் பிராசசரிலிருந்து எம்.2-வுக்கு நேரடி லேன் கிடையாது. சிப்செட்டின் லேன்களும் 3.0-தான். விலை கொடுத்து 4.0 எஸ்எஸ்டி வாங்கிப் போட்டாலும் அது நொடிக்கு 3.5 ஜிபியைத் தாண்டாது.

எம்.2 வரியில் இன்னும் இரண்டைக் கவனியுங்கள். '2280' என்றால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம், பொதுவாகக் கிடைப்பது இதுதான். அடுத்து, அந்த ஸ்லாட் பிசிஐஇ லேனில் ஓடும் என்விஎம்இ வகைக்கா, சாட்டா வகைக்கா, இரண்டுக்குமா? அத்தை வீட்டில் நான் படிக்காமல் விட்டது இந்த வரியைத்தான்.

படி 5: விஆர்எம்

எஸ்எம்பிஎஸ் கொடுப்பது 12 வோல்ட். பிராசசருக்கு வேண்டியது ஏறக்குறைய 1.2 வோல்ட். நடுவில் நின்று இறக்கிக் கொடுப்பது விஆர்எம். சாக்கெட்டைச் சுற்றி வரிசையாக நிற்கும் சதுரக் கட்டிகளும் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்குக்கு அடியில் இருக்கும் மாஸ்ஃபெட் என்ற சில்லுகளும் சேர்ந்ததுதான் அது.

120 வாட் எடுக்கும் பிராசசர் 1.2 வோல்ட்டில் எடுப்பது 100 ஆம்பியர். ஒன்றரை டன் ஏசி 230 வோல்ட்டில் எடுப்பதே சுமார் 7 ஆம்பியர்தான். விரல் நகம் அளவு பாகங்கள் சில இந்த 100 ஆம்பியரையும் பங்கு போட்டுச் சுமக்கின்றன. பங்கு போடும் கைகள் குறைவாக இருந்தால் ஒவ்வொன்றும் அதிகம் சூடாகும். சூடு எல்லை மீறினால் பிராசசரின் வேகம் தானாகக் குறைக்கப்படும். பல வருடம் அப்படியே ஓடினால் பாகங்களின் ஆயுளும் குறையும்.

பட்டியலில் '8+2+1 பேஸ்' என்று இருக்கும். பங்கு போடும் அந்தக் கை ஒவ்வொன்றும் ஒரு பேஸ். முதல் எண் பிராசசரின் கோர்களுக்கு. நமக்கு முக்கியம் அதுதான். இரண்டாவது, பிராசசருக்குள் இருக்கும் மற்ற பகுதிகளுக்கு. '60 ஆம்பியர்' என்று சேர்த்துப் போட்டிருந்தால் அது ஒவ்வொரு பேஸும் தாங்கும் அளவு. எண் பெரிதாக இருப்பதை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். ஆறு பேஸை இரண்டிரண்டாக இணைத்துவிட்டு 12 என்று எழுதுவதும் உண்டு.

எவ்வளவு வேண்டும்? ரைசன் 5 7600 அதிகபட்சம் 88 வாட் எடுக்கும்படி வரையறுக்கப்பட்டது. சாதாரண பி650 போர்டு எதுவும் அதைச் சிரமமின்றித் தாங்கும். ரைசன் 9 7950எக்ஸ் 230 வாட் வரை போகும். கோர் ஐ9-14900கே 253 வாட். கோர் ஐ5-12400 117 வாட்டில் நின்றுவிடும். மலிவான போர்டில் ஐ9 போட்டால் 'பொருந்தும்' என்று பட்டியல் சொல்லும். முழு வேகத்தில் ஓடும் என்று அது சொல்லவில்லை.

நம் ஊரில் இதை ஒரு படி கூடுதலாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஏசி இல்லாத அறையில் மே மாதம் 38 டிகிரியில் கணினி ஓடும்போது, உள்ளே போகும் காற்றே சூடான காற்று. விஆர்எம் மேல் ஹீட்சிங்க் இல்லாத போர்டை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை, ஐ3 போடுபவருக்குக்கூட. விளக்குகளுக்கும் வைஃபைக்கும் கொடுக்கும் பணத்தை இங்கே கொடுங்கள்.

படி 6: ரேம்

ஏஎம்5-இலும் எல்ஜிஏ 1851-இலும் டிடிஆர்5 மட்டும்தான். எல்ஜிஏ 1700-இல் போர்டைப் பொறுத்து 4 அல்லது 5. இரண்டுக்கும் 288 பின்தான் என்றாலும் நடுப்பள்ளம் இடம் மாறியிருக்கும். அழுத்தி ஏற்றப் பார்க்காதீர்கள்.

ஒரே 16 ஜிபி ஸ்டிக்கைவிட 8 ஜிபி இரண்டு நல்லது. ரேமுக்கும் பிராசசருக்கும் இடையே உள்ள இரண்டு பாதையும் (சேனல்) வேலை செய்யும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் அந்த இரண்டை, பிராசசர் பக்கமிருந்து எண்ணி, இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். மேனுவலில் இவை ஏ2, பி2.

ரேம் வேகம் '7600 வரை' என்று பட்டியலில் கண்டால் அதற்கு முன்னால் 'ஓசி' என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். அது ஓவர்கிளாக் வேகம், உத்தரவாதம் இல்லை. நான்கு ஸ்டிக் போடுவது டிடிஆர்5-இல் தனிச் சிக்கல். ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி சொல்லும் வேகம் இரண்டு ஸ்டிக்குக்கு 5200, நான்குக்கு 3600. 'இப்போது இரண்டு, பிறகு இரண்டு' என்ற பழைய பழக்கம் இங்கே எடுபடாது. 32 ஜிபி வேண்டுமென்றால் முதலிலேயே 16 இரண்டாக வாங்குங்கள்.

படி 7: பின்பக்கமும் ஹெடர்களும்

யூஎஸ்பி 3.0, 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1 மூன்றும் ஒன்றே, 5 ஜிபிபிஎஸ் (நொடிக்கு 5 ஜிகாபிட்). ஜென் 2 என்றால் 10. ஜென் 2எக்ஸ்2 என்றால் 20. பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள். கேபினெட்டின் முன்பக்கம் டைப்-சி இருந்தால், போர்டிலும் அதற்கான ஹெடர் (கேபினெட் கேபிளைச் செருகும் இடம்) இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அந்தத் துளை வெறும் அலங்காரம்.

ஹெச்டிஎம்ஐ போர்ட் போர்டில் இருப்பதாலேயே படம் வந்துவிடாது. பிராசசருக்குள் கிராபிக்ஸ் இருக்க வேண்டும். ரைசன் 5 7600-இல் உண்டு. ரைசன் 5 5600-இல் இல்லை. இன்டெல்லில் 'எஃப்' என்று முடிபவற்றில் இல்லை. 2.5 ஜிபிபிஎஸ் ஈதர்நெட் போர்ட்டால் பயன் வேண்டுமென்றால் ரவுட்டரிலும் அதே வேகம் இருக்க வேண்டும்.

விளக்கு ஹெடர்களில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். மூன்று பின் ஏஆர்ஜிபி 5 வோல்ட். நான்கு பின் ஆர்ஜிபி 12 வோல்ட். 5 வோல்ட் பட்டையை 12 வோல்ட்டில் செருகினால் பட்டை எரிந்துபோகும்.

படி 8: அளவு

ஏடிஎக்ஸ் 305 × 244 மி.மீ., மைக்ரோ ஏடிஎக்ஸ் 244 × 244, மினி ஐடிஎக்ஸ் 170 × 170. மலிவான போர்டுகளில் அகலம் 244-க்குக் குறைவாக இருப்பதுண்டு. அப்போது வலது ஓரத்தில் ஸ்க்ரூ இருக்காது. 24 பின் கேபிளை அழுத்தும்போது போர்டு வளையும். அடியில் ஒரு விரலைத் தாங்கலாக வைத்துக்கொண்டு மெதுவாக அழுத்துங்கள்.

படி 9: பயாஸ்

பிராசசர் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு பயாஸ் பதிப்பு எண் இருக்கும். கடையில் நீண்ட நாள் தூங்கிய பி650 போர்டில் ரைசன் 9000 போட்டால் திரை இருண்டே கிடக்கலாம். பிராசசர் இல்லாமலே பென் டிரைவ் மூலம் பயாஸ் மாற்றும் 'ஃபிளாஷ்பேக்' பொத்தான் இருந்தால் பிழைத்தீர்கள். அந்தப் பொத்தானுக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம் என்பேன்.

தயாரிப்பாளர் எத்தனை வருடம் பயாஸ் வெளியிட்டுக்கொண்டிருக்கிறார் என்பதை, அவருடைய பழைய மாடல்களின் பக்கத்தில் பாருங்கள். 2023-இல் ஏஎம்5-இல் எக்ஸ்3டி பிராசசர்கள் சில கருகியபோது, பிராசசரின் ஒரு பகுதிக்குப் போகும் எஸ்ஓசி வோல்ட்டேஜை 1.3 வோல்ட்டுக்குள் கட்டுப்படுத்தியது பயாஸ் அப்டேட்தான். 2024 ஆகஸ்ட்டில் இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறைக் கோளாறுக்கான மைக்ரோகோடும் (பிராசசருக்கான திருத்தம்) பயாஸ் வழியாகத்தான் வந்தது. அப்டேட் தராதவரிடம் வாங்கிய போர்டு இருந்தால் அந்த நாளில் நாம் தனியாக நிற்போம்.

படி 10: வாங்கும்போதும், முதல்முறை ஆன் செய்யும்போதும்

சென்னை ரிச்சி தெருவிலோ எங்கோ, கடையிலேயே டப்பாவைத் திறந்து சாக்கெட்டைப் பாருங்கள். ஏஎம்5-இலும் எல்ஜிஏ 1700-இலும் பின்கள் போர்டில்தான் இருக்கும். பிளாஸ்டிக் மூடியைத் தூக்கி, மொபைல் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்தால் பின்கள் வரிசையாக ஒரே மாதிரி மின்ன வேண்டும். ஓரிடத்தில் ஒளி மாறித் தெரிந்தால் வாங்க வேண்டாம். வளைந்த பின்னுக்கு வாரண்டி கிடைப்பது அரிது. மூடியைத் தூக்கிப் போடாதீர்கள்; சர்வீஸுக்கு அனுப்பும்போது கேட்பார்கள். பில்லில் சீரியல் எண் எழுதி வாங்குங்கள்.

வீட்டில் எல்லாம் மாட்டி முதல்முறை ஆன் செய்யும்போது, டிடிஆர்5 போர்டு ரேமோடு பழகச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். ஃபேன் சுற்றும், திரையில் ஒன்றும் வராது. பயந்து பவரை நிறுத்தாதீர்கள். பத்து நிமிடமாவது பொறுங்கள். படம் வந்ததும் பயாஸில் நுழைந்து, ஏஎம்டி போர்டு என்றால் எக்ஸ்போ, இன்டெல் என்றால் எக்ஸ்எம்பி என்பதை ஆன் செய்யுங்கள். அதைச் செய்யாவிட்டால் 6000 என்று எழுதிய ரேம் 4800-இல்தான் ஓடிக்கொண்டிருக்கும். ஆன் செய்த பிறகு ரேம் மறுபடி பழகும், திரை மறுபடி இருளும். அப்போதும் அதே பொறுமை வேண்டும்.